சிவப்பு எண்களில் எட்டாம் தேதி

5 ஜூலை 2004, திங்கள்

காலையிலிருந்தே அனல். இலை அசையவில்லை. சனிக்கிழமை தேவிகாபுரம் பெரியம்மா வீட்டுக்குப் போன அம்மா இன்னும் வரவில்லை. அவள் இல்லாமல் விளக்கு ஏற்ற ஆளில்லை, காலண்டர் தாள் கிழிக்க ஆளில்லை.

நூலகப் புத்தகம் திருப்ப வேண்டும். தைலம். ஜாக்கெட்டுக்குக் கொக்கி.

அண்ணன் சென்னையிலிருந்து வாங்கி வந்த டிஜிட்டல் கேமரா பற்றி: 3.2 மெகாபிக்சல். கார்டு 16 எம்.பி., இருபது படம் பிடிக்கும். ஒயர் போட்டால் டி.வி.யிலும் தெரியும். பிலிம் ரோல் வேண்டாம், ஸ்டுடியோவில் நான்கு நாள் காத்திருக்க வேண்டாம். பிடிக்காத படத்தை அழிக்கக் குப்பைக்கூடை போட்ட ஒரு பட்டன். அழிக்கும் முன் ‘நிச்சயமா?’ என்று ஒருமுறை கேட்கிறது. அண்ணன் அதுகூடக் கேட்பதில்லை.

மதியம் அண்ணன் மகள் பாப்பு லென்ஸில் கட்டைவிரலை வைத்துவிட்டாள். வயது மூன்று. அடி அண்ணிக்கு. இடது கன்னம். “இனிமே எவளாவது தொட்டா கைய ஒடைச்சிடுவேன்.” அதே மூச்சில், “கேமரால செல்லு தீந்து ரெண்டு நாளாச்சி, புதுசு வாங்கிப் போட்டு வை.” பைக் கிளம்பிவிட்டது.

அண்ணி கடையில் வாங்கி வந்த செல்லை என்னிடம் நீட்டினாள். “நீயே போடு. நான் அதத் தொட மாட்டேன்.”

இந்த வீட்டில் கையேட்டைப் படித்தவள் நான் ஒருத்தி. செல் இல்லாமல் கிடந்ததால் கேமரா தேதியை மறந்திருந்தது. திறந்ததும் தேதி கேட்டது. தெருமுனையில் பைக் சத்தம். சுவரில் இருந்த தேதியைப் பார்த்து அவசரமாகப் போட்டு மூடினேன். அண்ணன் இல்லை, பால்காரர்.

7 ஜூலை, புதன்

முள்ளிப்பட்டுப் பழனி அண்ணன் வந்தார். எங்கள் அண்ணன் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் பட்டுநூல், கொடுத்து நெய்ய வைக்கும் ஐந்து தறிகளில் அவருடையதுதான் முதல் தறி. நாளை மகளுக்குக் காதுகுத்து. ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டுமாம். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“மொதலாளி, அந்தப் பொட்டிய ஒரு நாளைக்குக் குடுத்தீங்கன்னா...”

“ஒம் பொண்ணு காது அம்மாம் பெருசா? மூணு மெகாபிக்சல் வேணுமா அதுக்கு?”

“காது சின்னதுதாங்க. அழுவறதுதான் பெருசு.”

அண்ணன் சிரித்துவிட்டார், கேமராவைக் கொடுத்தும் விட்டார். நல்ல மனநிலையில் இருக்கும்போது அவரைப் போல ஒருவர் கிடையாது. அதனால்தான் மற்ற நாட்களில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லையோ.

10 ஜூலை, சனி

நேற்று பழனி அண்ணன் கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். ஏழு படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, கார்டைக் காலி செய்தே தந்தார். கூடவே புது பார்டரின் மாதிரித் துண்டு, நேற்றுத்தான் தறியிலிருந்து அறுத்தது. முதுகோடு முதுகாக இரண்டு கிளி, அலகு மட்டும் திரும்பி ஒன்றையொன்று பார்க்கிறது. ஆரணியில் யாரும் போடாத பார்டர், படம் எடுத்து வைக்க வேண்டும் என்கிறார் அண்ணன்.

இன்று மதியம் எல்லோரும் தூங்கினார்கள். கேமராவை எடுத்துவிட்டேன். பூ போட்ட பட்டனை அழுத்தினால் நாலு விரல் தூரத்தில் கூடத் தெளிவாக எடுக்கிறது. ஒரே ஒரு படம். கிளியின் கண்ணில் ஜரிகை எத்தனை இழை என்று எண்ணலாம். பட்டனை அழுத்தி அரை விநாடி கழித்துத்தான் பிடிக்கிறது, அதுவரை மூச்சை அடக்க வேண்டும். அழிக்க மனம் வரவில்லை. அண்ணன் இனி எடுக்கும் படங்களோடு கிடக்கட்டும், அவருக்கா தெரியப் போகிறது.

5 ஆகஸ்ட், வியாழன்

நூலகத்திலிருந்து வந்தபோது வீடு வாசல் திறந்தபடி. டி.வி.யில் என் படம். கிளிக்கண்.

அண்ணி சொன்னது: கடைத்தெருவில் அதே கிளி பார்டர், பவர்லூமில் நெய்தது, பாதி விலைக்குத் தொங்குகிறதாம். அதைப் பார்த்த அண்ணன் வீட்டுக்கு வந்து கேமராவை டி.வி.யில் போட்டு ஒவ்வொரு படமாகப் பார்த்திருக்கிறார். இந்தப் படம் அவர் எடுத்ததில்லை. மூலையில் சிவப்பு எண்கள், 08/07/2004. “எட்டாந்தேதி கேமராவும் பழனிகிட்ட, துணியும் அவன் தறியில. வேற எவன் எடுத்திருப்பான்? இத மட்டும் அழிக்க மறந்துட்டான்.” அண்ணியின் தம்பி சேகரையும் அழைத்துக்கொண்டு முள்ளிப்பட்டு போய்விட்டார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பினார். சட்டையில் பட்டுநூல் ஒட்டியிருந்தது. பழனி அண்ணனை அவர் பெண்டாட்டி தனம் அக்கா எதிரிலேயே செருப்பால் அடித்திருக்கிறார். பிறகு தறியில் ஓடிக்கொண்டிருந்த பாவை அரிவாள்மணையால் குறுக்கே அறுத்திருக்கிறார். ஆயிரக்கணக்கான இழை. தறியில் உட்கார்ந்திருப்பவனின் கண்ணெதிரே பாவை அறுப்பதென்றால் இந்த ஊரில் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. செருப்படியை மறப்பார்கள்.

இரண்டு தோசை சாப்பிட்டார்.

6 ஆகஸ்ட், வெள்ளி

வானம் மூடிக்கொண்டு மழை இல்லை.

எனக்குப் புரியவே இல்லை. அந்தப் படம் நான் எடுத்தது. பத்தாம் தேதி, சனி. பிறகு எட்டு எப்படி?

அண்ணன் குளிக்கப் போனபோது கேமராவைத் திறந்து பார்த்தேன். இன்று ஆறு. அது நான்கு என்கிறது.

அம்மா கிழிக்காத தாள். செல் போட்ட அன்று சுவரில் தொங்கியது சனிக்கிழமை. நான் பார்த்துப் போட்டது மூன்று. அன்றிலிருந்து அது இரண்டு நாள் பின்னால் ஓடுகிறது.

சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன், சோப்புக் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன்.

மதியம் சொல்லலாம் என்றிருந்தேன். மதியம் அண்ணி, “இன்னைக்கு அவர்கிட்ட ஒண்ணும் பேசாத, பேஜாரா கீறாரு” என்றாள். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன். எனக்கே தெரிந்தது, அது சந்தோஷம்தான்.

ஒரு நாவலில் 60 பக்கம் படித்தேன். ஒரு வரி நினைவில்லை.

7 ஆகஸ்ட், சனி

பழனி அண்ணன் டீக்கடையில் நின்று பத்துப் பேர் கேட்க, “படம் நான் எடுக்கல, எம் பொண்ணு மேல சத்தியம்” என்றாராம். அண்ணனும் சேகரும் போனார்கள். சேகர் அவர் வலது கையைப் பெஞ்சின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டான். அண்ணன் அடுப்பு விறகால் அடித்தார். மூன்று விரல். சத்தம் சாலைக்கு அந்தப் பக்கம்வரை கேட்டது என்று பால்காரர் சொல்கிறார். டீக்கடைக்காரர் பாலை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

நான் நேற்று சோப்பு எடுத்துக் கொடுத்தேன்.

8 ஆகஸ்ட், ஞாயிறு

நெசவாளர் சங்கத்து மண்டபத்தில் பஞ்சாயத்து. பழனி அண்ணனுக்கு இனி ஊரில் யாரும் பாவு கொடுக்கக் கூடாது என்பது அண்ணனின் பிராது. பெண்கள் போவதில்லை. போனேன்.

பழனி அண்ணன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார், யாருடைய கையையோ பார்த்துக்கொள்ளச் சொன்ன மாதிரி. தனம் அக்கா ஒரு கவரை நீட்டிக்கொண்டே இருந்தாள். “அவர் எடுத்தது இந்த ஏழு படந்தாங்க, பாருங்க.” யாரும் வாங்கவில்லை. நான் வாங்கினேன்.

தலைவர் முறைத்தார். “நீ எங்கம்மா இங்க வந்துகினு?”

“கிளிப் படத்த நான்தாங்க எடுத்தேன். பத்தாந்தேதி. எங்க வீட்ல.”

“போட்டோல எட்டுன்னு கீது. ஒளறாத, வீட்டுக்குப் போ.” இது அண்ணன்.

“காதுகுத்து என்னைக்கு?” என்று தலைவரைக் கேட்டேன்.

“வியாழக்கிழமை. நானே போய்ச் சாப்ட்டேனே.”

“எட்டாந்தேதி. இந்தப் படத்து மூலையில பாருங்க. ஆறுன்னு போட்டிருக்கு. ஆறாந்தேதி செவ்வாய்.”

பின்னாலிருந்து ஒரு குரல், “செவ்வாய்க்கிழம எவன்யா காது குத்துவான்?” சிலர் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. படம் கை மாறிக்கொண்டே போனது. தேதியைத் தப்பாகப் போட்டது நான் என்றும் சொன்னேன்.

தலைவர் அண்ணனிடம், “அப்ப பார்டர் எப்படிய்யா வெளிய போச்சு? நீ எடுத்த படம் வேற யாருக்குனா குடுத்தியா?”

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். “சென்னைக் கடைக்கு மெயில் அனுப்பினேன். ஆர்டர் கேக்க. நாலு கடைக்கு.”

நான்கு கடை.

அடுத்தது அடி, என் காதில் விழுந்தது. பிறகு தூணில் நெற்றி. வேட்டிகளுக்கு நடுவில் தரையில் இருந்தேன். நாலு பேர் அவரைப் பிடித்தார்கள். உதடு கிழிந்திருக்கிறது. வலது காதில் இன்னும் ஒரே இரைச்சல். வீட்டுக்கு வந்து கேமராவை அம்மிக்கல்லில் போட்டு உடைத்தார். பாப்பு கை தட்டினாள்.

தீர்ப்பு: புதுப் பாவு அண்ணன் போட்டுத் தர வேண்டும், வைத்தியச் செலவு அவருடையது, போலீசுக்கு யாரும் போகக் கூடாது.

எந்தக் கையால் நெய்ய, அந்தப் பாவை?

9 ஆகஸ்ட், திங்கள்

தூறல். தனம் அக்கா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

“தேதி தப்புன்னு ஒனக்கு எப்பத் தெரியும் பாப்பா?”

“வெள்ளிக்கிழமை.”

என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“வெள்ளிக்கிழம அவரு கை நல்லாத்தான் இருந்திச்சி.”

அவ்வளவுதான். திரும்பி நடந்தாள். பஞ்சாயத்தை மீறி ஸ்டேஷனுக்குப் போகிறாள் என்பது நடையிலேயே தெரிந்தது. பின்னாலேயே ஓடினேன். அம்மா கூப்பிட்டாள். அண்ணி கூப்பிடவில்லை.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. தனம் அக்கா எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஏட்டு கூப்பிட்டார். பெயர், வயது, அடித்தவர் என்ன உறவு. “கூடப் பிறந்தவர்.” பேனாவை நிறுத்தி என் உதட்டைப் பார்த்தார். எல்லாம் சொன்னேன். டீக்கடைக்கு முந்தின நாளே உண்மை எனக்குத் தெரியும், சொல்லவில்லை என்பதையும் சொன்னேன்.

“அதெல்லாம் எதுக்கும்மா? கேசுக்குத் தேவையில்ல.”

“எழுதுங்க சார்” என்றேன்.