தொண்டைமானாற்றில் இறங்கிய சிவப்புக் கார்

என்ரை அண்ணை,

நல்ல செய்தி ஏதாவது கிடைத்தால் எழுதலாம் என்று இவ்வளவு காலமும் காத்திருந்தேன். கிடைத்தது இதுதான். போன மாதம் உங்கள் சிவப்புக் கார் தொண்டைமானாற்று நீரேரிக்குள் இறங்கிவிட்டது. உள்ளே ஒரு புது மாப்பிள்ளையும் பொம்பிளையும் இருந்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். ஆனால் நான் இன்னும் ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்க முடியாமல் இருக்கிறேன்.

கப்பல் எஞ்சின் அறையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்து, கூரை திறக்கிற அந்தப் பழைய ஸ்போட்ஸ் காரைக் கொழும்பிலிருந்து லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தீர்களே, அன்றைக்குப் புத்தூர்ச் சந்தியே சிரித்தது. நானும்தான் கேட்டேன், "ரெண்டு பேர்தான் இருக்கலாமெண்டால் உதென்ன கார் அண்ணை?" என்று. "வீட்டிலை நீயும் நானும்தானே இருக்கிறம். காணும்" என்றீர்கள்.

அந்தக் காருக்கு நீங்கள் ஒரு ஒழுங்கு வைத்திருந்தீர்கள். தைப்பொங்கலுக்கு முதல் எஞ்சின் ஒயில். சித்திரை வெயிலுக்கு முதல் றேடியேற்றர். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு உள்ளே கல்லாய்ப் படியும் என்று, மாரியில் பிடித்துவைத்த மழைத் தண்ணீரைத்தான் அதற்கு விடுவீர்கள். மழை தொடங்குமுன் பிறேக். பிறேக் ஒயிலை மட்டும், கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும், இரண்டு வருசத்துக்கொருக்கால் முழுதாக மாற்றவேண்டும் என்பீர்கள்.

"ஓடாத காருக்கு ஏன்?" என்று நான் கேட்டதற்கு, காருக்குக் கீழே படுத்தபடியே சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "அது சும்மா கிடக்கேக்கையும் காத்திலை இருக்கிற ஈரத்தைக் குடிச்சுக்கொண்டே இருக்கும் பிள்ளை. பிறேக்கை அடிக்கடி பிடிச்சுச் சூடேறிச்சுதெண்டால் அந்த ஈரம் கொதிச்சு ஆவியாகும். பிறகு மிதிச்சால் கால் அடிமட்டும் போகும், கார் நிக்காது. ஆறினாப்பிறகு ஒண்டும் நடக்காத மாதிரிப் பழையபடி பிடிக்கும். அதுதான் பொல்லாத நோய்."

எல்லாம் தெரிந்துதான் இருந்தேன், அண்ணை. தெரியாது என்று சொல்லித் தப்பக்கூட எனக்கு வழியில்லை.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு அந்தக் காரைக் கலியாணங்களுக்குக் கேட்டு வந்தார்கள். இப்போது இங்கே கலியாணம் என்றால் ட்றோன் கமரா, பழைய கார், கடற்கரை எல்லாம் வேண்டும். முதலில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தேன். படங்களைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் கழுவி, மெழுகு போட்டு, கண்ணாடி போல மினுக்கி அனுப்பினேன். எஞ்சின் ஒயில்கூட மாற்றினேன். பிறேக்குக்கு என்றால் கராஜில் சில நாள் விடவேண்டும். நல்ல நாட்கள் நெருங்கி நெருங்கி வந்தன. அடுத்த முகூர்த்தம் முடியட்டும், அடுத்தது முடியட்டும் என்று தள்ளினேன். நீங்கள் கடைசியாக மாற்றிய பிறேக் ஒயில்தான், இரண்டு வருசம் தாண்டியும் அதற்குள் கிடந்தது.

மாப்பிள்ளையின் பெயர் கஜன். தபால் கந்தோரில் வேலை. பொம்பிளை நிலானி, காங்கேசன்துறைப் பக்கம். கலியாணம் முடிந்து மறுநாள், நீரேரிக் கரை றோட்டில் வீடியோ எடுத்தார்கள். வேகமாக வந்து கமராவுக்கு முன்னால் நிற்கவேண்டுமாம். "இன்னொருக்கா வாங்கோ, இன்னொருக்கா" என்று படம் எடுப்பவர்கள் திருப்பித் திருப்பி ஓடவைத்திருக்கிறார்கள். கடைசித் தடவை கார் நிற்கவில்லை. முன்னால் நின்றவர்கள்மேல் ஏறாமல் இருக்கக் கஜன் சட்டென்று திருப்பி நீரேரிக்குள் விட்டான். தண்ணீர் இடுப்பளவுதான். நிலானியின் மணிக்கட்டு முறிந்துவிட்டது.

நான் ஓட்டோ பிடித்துப் போய்ச் சேர, உழவு இயந்திரத்தால் காரை இழுத்துக் கரையில் விட்டிருந்தார்கள். நனைந்த பட்டு வேட்டியோடு கஜன் நின்றான். "பிறேக் பிடிக்கேல்லை. சத்தியமாப் பிடிக்கேல்லை" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். நிலானியின் தகப்பன் காருக்குள் ஏறி மிதித்துப் பார்த்தார். இரண்டாம் முறையும் மிதித்தார்.

"பிறேக் கல்லு மாதிரி நிக்குது" என்றார். "கார் ஓடத் தெரியாட்டில் தெரியாதெண்டு சொல்லியிருக்கலாமே. என்ரை பிள்ளையை முடமாக்கவோ கொண்டுபோனனீர்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இரவு குடித்தது இன்னும் இறங்கவில்லைப் போல என்று இன்னொருவர் சொன்னார். அந்த இடத்தில் விசயம் தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பிறேக் ஒயில் குப்பியின் மூடியைக் கழற்றினேன். தேங்காயெண்ணெய் போலத் தெளிவாக இருக்கவேண்டியது தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. மூடியை இறுக்கிவிட்டுத் தார்ப்பாய்ப் படங்கால் காரை மூடினேன். வெளியே தெரிந்தால், கார் வைத்திருந்த உங்கள் பெயர்தான் கெடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பயத்துக்கு உங்களைக் காவல் வைத்தேன், அண்ணை. இதை எழுதும்போதே காது சுடுகிறது.

அந்த வீடியோ ஊரெல்லாம் ஓடியது. பாட்டுப் போட்டு, எழுத்துப் போட்டு, சிரித்துப் பகிர்ந்தார்கள். பிறகு ஒரு நாள் பின்னேரம் கஜன் எங்கள் வீட்டுக்கு வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தேன். அவன் கதிரை நுனியில் இருந்துகொண்டு மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, நான் பிறேக் எண்டு நினைச்சுக் கிளச்சை மிதிச்சிட்டனோ? எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு. கால் அடிமட்டும் போனது நல்லா ஞாபகம். ஆனால் எந்தக் கால் எண்டு இப்ப தெரியேல்லை."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இருக்கலாம் தம்பி" என்றேன்.

ஒரு மனிதனைத் தன் காலையே நம்பாமல் ஆக்கி அனுப்பினேன். அவன் "சரி அக்கா, வாறன்" என்று சொல்லி, கேற்றைக் கவனமாகச் சாத்திவிட்டுப் போனான். உங்களோடு பிறந்தவள் செய்கிற வேலையா இது?

மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறிக் காங்கேசன்துறைக்குப் போனேன். கஜன் மாமனார் வீட்டு முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றான். நிலானி கையில் கட்டோடு இருந்தாள். தகப்பன் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். இருக்கச் சொன்னார்கள். நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒயிலுக்குள் இருந்த ஈரம் ஏன் கொதித்தது, தண்ணீருக்குள் ஆறிய பிறகு பிறேக் ஏன் பிடித்தது, நேற்று நான் என்ன பொய் சொன்னேன், எல்லாம்.

தகப்பன் பேப்பரை மடித்தார். விரித்தார். திரும்பவும் மடித்தார். கஜன் என்னைப் பார்க்கவேயில்லை. மனைவியைத்தான் பார்த்தான்.

"அப்ப நான் பொய் சொல்லேல்லை, என்ன நிலா?"

அவள் அழத் தொடங்கினாள். "நானும் நம்பேல்லை. பக்கத்திலை இருந்தும் நம்பேல்லை" என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். "அண்டைக்கே, அந்தச் சனத்துக்கு முன்னாலை சொல்லியிருக்கலாம் அக்கா" என்றான் கஜன். குரலை உயர்த்தவில்லை. "மன்னிச்சிட்டன் எண்டு இப்ப சொன்னால் அது பொய். சனம் சிரிக்குதெண்டு என்ரை அம்மா கோயிலுக்குப் போறதை விட்டிட்டா. எல்லாருமாச் சிரிச்சவை. எங்களுக்கு மட்டும் சொன்னால் காணாது. எல்லாரும் பாக்கிற இடத்திலை, என்ரை பேரையும் போட்டு எழுதுங்கோ."

அதனால்தான், அண்ணை, உங்களுக்கு எழுதுவதை முகநூலில் ஊரும் பார்க்கப் போடுகிறேன். வாசிக்கிறவர்களே, அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்திருந்தால் இதையும் வாசியுங்கள். கஜன் பிறேக்கைத்தான் மிதித்தான். நிற்காத காரை ஆட்கள்மேல் விடாமல் திருப்பினான். பிழை என்னுடையது.

கார் இப்போது கராஜில் கழற்றிக் கிடக்கிறது. இனி எந்தக் கலியாணத்துக்கும் அது போகாது. என்மேல் உங்களுக்குக் கோபம் வந்திருக்குமா, அண்ணை, இல்லை வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போயிருப்பீர்களா? எது என்றாலும் தாங்குவேன்.

கஜனின் தாய்க்குப் போன் இல்லை, இந்த எழுத்தை அவர் பார்க்கமாட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் நேரே சொல்வேன். அவர் கதவைத் திறக்காவிட்டால் அதற்கடுத்த வெள்ளியும் போவேன். என்னோடு கோயிலுக்கு வரச் சம்மதித்தால், அங்கே யாராவது சிரித்தால், இந்த முறை வாயைத் திறப்பேன். இது உங்களுக்குத் தருகிற வாக்கு.

தலைகுனிந்து நிற்கிற
உங்கள் தங்கச்சி,
சாந்தி