கால் நீட்டிக் காட்டும் தவளை

ஆவடி,
ஞாயிற்றுக்கிழமை

செல்ல மகள் பவ்யாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் காது மட்டும் வழக்கம்போல் சுகமில்லை. நீயும் அங்கே சுகமென்றுதான் போன வாரம்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

இங்கே ஐப்பசி மழை விடவில்லை, பருத்திப்பட்டு ஏரி தளும்புகிறது, குவார்ட்டர்ஸ் வாசலில் கணுக்கால் தண்ணீர். பக்கத்து வீட்டு கோவிந்தராஜ் வண்டியைத் தள்ளிக்கொண்டே, "இன்னா சம்பந்தம், ஊட்டாண்டயே இம்மாந் தவளை கத்துது, உம் பொண்ணு இன்னாத்துக்கு மலை மேல போய்க் குந்திகினு கீது?" என்று கேட்டார். அது வேற ஜாதிங்க, அந்த மலை ஓடையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று, பத்தாவது தாண்டாத நான் புரொபசர் மாதிரி விளக்கினேன். "அத்த புட்சாந்து நம்ம ஏரில உட்டா ஆச்சு" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

உன்னோடு தவளை ஆராய்ச்சியில் வேலை பார்க்கும் கிஷோர் காலில் மாவுக்கட்டோடு காட்டுப்பாக்கம் வீட்டுக்கு வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு போனேன். அவனுக்கு லேசான சுளுக்கு என்றுதானே நீ எழுதினாய். அந்தப் பிள்ளை சூதுவாது தெரியாமல், ஓடையில் திடீரென்று வெள்ளம் வந்து தன்னை அடித்துக்கொண்டு போனதையும் நீ குதித்துக் கரைக்கு இழுத்து வந்ததையும் சொல்லி, "பவ்யா இல்லன்னா நான் இல்ல அங்கிள்" என்றான். கையிலிருந்த காப்பி அப்படியே ஆறிப்போனது. உனக்கு நீச்சல் எப்போதிலிருந்து தெரியும் கண்ணு? உன் அப்பன் கோயில் குளத்தில்கூடப் படியை விட்டுக் கையை எடுக்காதவன்.

என் முகம் போன போக்கைப் பார்த்து, பேச்சை மாற்ற அந்தத் தவளையைப் போனில் காட்டினான். கட்டைவிரல் அளவுகூட இல்லை, பாறைமேல் உட்கார்ந்து பின்னங்காலை நீட்டி விரலை விரித்து விரித்துக் காட்டுகிறது. தண்ணீர் இரைச்சலில் குரல் எடுபடாதாம், அதனால் நான் இங்கே இருக்கிறேன் என்று காலால் சொல்கிறதாம். எங்கள் இன்ஜின் டெஸ்டிங் ஷெட்டில் காதைக் கெடுக்கும் இரைச்சலில் நாங்களும் கையைக் காட்டித்தானே டீக்குக் கூப்பிடுகிறோம் என்று சிரித்துவிட்டேன். பஸ் ஏறியபின் சிரிப்பு போய்விட்டது.

மழை விடும்வரை இறங்கி வந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மழைக்குத்தானே தவளை வெளியே வரும் என்பாய், அதனால் அதை எழுதாமல் விடுகிறேன். அம்மாவிடம் கிஷோருக்குச் சுளுக்கென்றே சொல்லி வைத்திருக்கிறேன், அவள் உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறாள், நீயும் மாற்றிச் சொல்லிவிடாதே. மேலே மழை கறுத்தால் ஓடையில் கால் வைக்காதே, அட்டை கடித்ததைச் சொறியாதே. இன்னும் ஒன்று. சாமான் வாங்க ஜீப்பில் கீழே டவர் கிடைக்கும் இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. பேச வேண்டாம், போனில் பேசினால் என் காதுக்கு எட்டாது. போனை வைப்ரேஷனில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். நெஞ்சுப் பக்கம் ஒருமுறை அதிர்ந்தால் போதும், என் மகள் காலை நீட்டிக் காட்டிவிட்டாள் என்று எடுத்துக்கொள்வேன்.

நீ இறங்கும் ஓடையிலெல்லாம் சாமி உனக்கு முன்னால் இறங்கட்டும். மிஸ்டு காலை மறக்காதே.

இப்படிக்கு,
படியை இன்னும் விடாத உன் அப்பா
சம்பந்தம்