நடுத் துளையில் செருகிய கம்பி

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், நீ எங்களைவிட நலமாக வேளைக்குத் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறாய் என்று நேற்றே தகவல் வந்துவிட்டதால் உன்னை விசாரிக்கிற வேலை எனக்கு மிச்சம். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. தினமும் நடக்கச் சொன்னார் மருத்துவர், இவரும் சொல் தட்டாமல் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு நடக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மின்னஞ்சலில் எழுதியிருப்பேன், உங்கள் மாணவர் விடுதியில்தான் இணையத்துக்கே உடம்பு சரியில்லையாமே, கைபேசியில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் நாளை அங்கே வர விமானம் ஏறும் உன் சித்தப்பா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தகவல் சொன்னது யார் என்று யோசிக்காதே. உன் அடுத்த அறையில் தங்கியிருக்கிற பெண்தான், நீ சிடுமூஞ்சி என்று பட்டம் வைத்திருக்கிறாயே, அவளேதான். இணைப்பு போய்விட்டதால் நாங்கள் கவலைப்படுவோமே என்று நூலகத்து வாசலில் நின்று கூப்பிட்டாள். அவ்வளவு சிடுசிடுப்பு! ஆன்ட்டி, நான்தான் எதையோ தட்டிவிட்டிருப்பேன், என்னால் மாடி முழுக்க இணையம் நின்றுபோனது, இப்போது எங்கள் இரண்டு அறைக்கு மட்டும் இல்லை, உங்கள் மகள் பாவம், அவளுக்கும் சிரமம் என்றாள். நீ பாவம்தான், கைபேசியை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறாய் அல்லவா.

போன வாரம் நீ ஒரு படம் அனுப்பினாய். சுவரில் இணையக் கம்பி வருகிற துளை அவள் அறையில் இருக்கிறது, கதவுக்கு அடியில் கம்பியை இழுத்து இழுத்து முறை வைத்துப் பங்கு போடுவது அலுத்துவிட்டது, அவள் வகுப்புக்குப் போன நேரத்தில் நானே ரவுட்டர் என்கிற பெட்டி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டேன், பத்தே நிமிடம் என்று பெருமையாக எழுதியிருந்தாய். அந்தப் படத்தை மாடிவீட்டுப் பெண்ணிடம் காட்டினேன், அவளுக்கு இதுதான் தொழில். பார்த்ததும் சிரித்துவிட்டாள். சுவர்க் கம்பி பெட்டியின் ஓரத்தில் தனி நிறத்தில் இருக்கிற துளைக்குப் போக வேண்டுமாம், நீ நடுவில் செருகியிருக்கிறாய். எனக்குப் புரிகிற மாதிரி சொல்லடி என்றேன். அதற்கு அவள், பள்ளிக்கூட வாசலில் ஒரு மாணவி நின்றுகொண்டு, தானே எழுதிய கால அட்டவணையை வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தால் என்ன ஆகும் டீச்சர் என்று கேட்டாள். என்ன ஆகும், எல்லாரும் இல்லாத அறையைத் தேடி அலைவார்கள். உன் பெட்டி உங்கள் விடுதி மாடி முழுவதற்கும் அதைத்தான் செய்திருக்கிறது. முப்பது வருடம் பாடம் நடத்தியும் என்னால் முடியாத சாதனை.

அப்பா உன் பக்கம். குழந்தை தெரியாமல் செய்தது என்கிறார். தெரியாமல் செருகினாய், சரி. பெட்டியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டதாக அப்பாவிடம் சொன்ன நீ, நான் எதையும் தொடவில்லை என்று அவளிடம் சொன்னதும் தெரியாமல்தானா? துளை அவள் பெயரில் பதிவாகியிருப்பதால் விடுதி அலுவலகம் அவள் இணைப்பைத்தான் துண்டித்திருக்கிறது. என்ன நடந்தது என்று விளக்கம் எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே திறந்துவிடுவார்களாம். அவளும் இரண்டு முறை எழுதிக் கொடுத்தாள், இரண்டு முறையும் இது பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள். பார்க்காத கேள்வித்தாளுக்கு விடை எழுதினால் எப்படிப் பொருந்தும்? வியாழக்கிழமை அவளுக்கு வேலைக்கான நேர்காணல், கணினியில். நூலகத்தில் வாய் திறந்து பேசக்கூடாதாம். இரண்டு வருடமாக அந்த வேலைக்குத் தயார் செய்கிறாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அது உன் வாயால் வர வேண்டியது. சித்தப்பா செவ்வாய்க்கிழமை வந்து சேருவார், நேர்காணல் வியாழன், நடுவில் ஒரு புதன்கிழமை உனக்காகவே இருக்கிறது. அலுவலகம் காலை ஒன்பதுக்குத் திறக்குமாம், அவளிடமே கேட்டு வைத்துக்கொண்டேன். முதலில் அவளிடம் சொல், பிறகு அங்கே போ. பயமாக இருந்தால் சித்தப்பாவைத் துணைக்கு அழைத்துக்கொள், பேசுவது மட்டும் நீயாக இரு. அவர்கள் திட்டினால் திட்டட்டும், அதற்காக யாரும் உன்னை மகள் இல்லை என்று சொல்லப்போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கும் அவளுக்கும் எங்கள் ஆசீர்வாதம், இந்த வாரம் அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாக. விளக்கம் எழுதும்போது உன் பெயரை முதல் வரியிலேயே எழுத மறக்காதே.

புதன்கிழமை மாலை உன்னிடமிருந்தோ அவளிடமிருந்தோ ஓர் அழைப்பு வரும், அது உன்னுடையதாக இருக்க வேண்டும் என்று காத்திருக்கும்,
உன் அம்மா