என்னை எதிர்த்துப் பேசிவிட்டார்கள்

மைக்குக்கு மாட்டியிருக்கும் கறுப்புப் பஞ்சு இருக்கிறதே, அதற்கென்று ஒரு வாசனை உண்டு. பாக்கும் தூசியும் யார் யாரோ பேசிக் காய்ந்த எச்சிலும் கலந்த வாசனை. இன்று காலை பதினோரு மணிக்கு அப்படி ஒரு மைக்கை என் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தார்கள். என் கழுத்தைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, ஒரு பக்கம் போகச் சொன்னால் இன்னொரு பக்கம் போகும். போன வேகத்தில் மூக்கு பஞ்சில் இடித்தது. உடனே நீ நினைவில் வந்துவிட்டாய். காலேஜ் ஆண்டு விழாவில் நான் பேசுவதற்காக மைக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அது ஆனில் இருப்பது தெரியாமல், "ஐயே, வெத்தல போட்டுக்கினு யாருடி இதுல பேசினது?" என்று கேட்டாயே, அந்த நாள். மொத்தக் கூட்டமும் சிரித்தது. பிரின்சிபால் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் பேசியவர் அவர்தான்.

நீ போய் இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. இதுவரை உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அழுவேன் என்று பயம். இன்றைக்கு அந்தப் பயம் இல்லை. இன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் கால் என்றைக்குமே தரையில் ஒழுங்காகப் பாவியதில்லை, அது வேறு விஷயம். சந்தோஷத்தில் சொல்கிறேன்.

விஷயத்தைக் கேள். நம் ஊர்ப் பேரூராட்சி மன்றத்தில் நான் இப்போது உறுப்பினர். சிரிக்காதே, நிஜமாகத்தான். மாற்றுத்திறனாளிகளையும் உள்ளாட்சி மன்றங்களில் நியமன உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. நீ இருந்தபோது இப்படி ஒன்று வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரை ஓட்டியே தீர்த்திருப்பாய். மனுப் போட்டேன், கிடைத்துவிட்டது. ஓட்டுப் போடும் உரிமை கிடையாது. பேசும் உரிமை மட்டும்தான். என்னிடம் எது சரியாக வேலை செய்யாதோ, தேடிப் பிடித்து அதையே கொடுத்திருக்கிறார்கள் பார்.

தமிழ்ச்செல்வி என்று எனக்குப் பெயர் வைத்தபோது அப்பாவுக்கு என் நாக்கைப் பற்றித் தெரியாது. பிறக்கும்போது மூளைக்குக் காற்றுப் போகத் தாமதமானதால் வந்த மூளை முடக்குவாதம் என்று டாக்டர் சொன்னதெல்லாம் பிறகுதான். அறிவுக்கு ஒன்றுமில்லை, கை, கால், கழுத்து, நாக்கு நான்கும்தான் தனித்தனிக் குடித்தனம். ஒன்பதாம் வகுப்பில் நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பெயர் கேட்டாய். சொன்னேன். புரியவில்லை என்றாய். மறுபடி சொன்னேன். "இன்னும் புரியல, சொல்லு." ஐந்தாவது தடவை கோபத்தில் நோட்டில் எழுதிக் காட்டினேன். அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ பேசறதே தேவலடி" என்றாய்.

அதுவரைக்கும் என்னிடம் யாரும் புரியவில்லை என்று சொன்னதில்லை. வாத்தியார், டெய்லர், அத்தைமார்கள், எல்லாரும் நான் வாயைத் திறந்ததுமே "சரி சரி, சரிம்மா" என்று தலையாட்டிவிடுவார்கள். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "பாப்பாவுக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்பார்கள். பாப்பாவுக்கு அப்போது பதினாலு வயசு.

உனக்கு ஒரு மாதத்தில் என் பேச்சு பழகிவிட்டது. அதற்கப்புறம் ஊருக்கு என் வாயாக ஆகிவிட்டாய். கடைவீதியில் உங்கள் ஃபேன்சி ஸ்டோரில் வளையல் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, நான் சொல்வதையெல்லாம் வந்தவர்களுக்குத் திருப்பிச் சொல்வாய். தருமபுரி பஸ் ஸ்டாண்டில், காலேஜ் ஆபீசில், டீக்கடையில், எங்கே போனாலும் நான் சொல்ல நீ சொல்ல, ஒரே ரகளைதான். சுகமாக இருந்தது. அந்தச் சுகம்தான் நம்மைக் கவிழ்த்தது.

அந்த இன்டர்வியூ ஞாபகம் இருக்கிறதா? ஒரு தனியார் பள்ளி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. நீயும் கூட வந்தாய். அந்த ஆள் என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்தே கேட்டார்: "இவங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" நான் சொன்னேன்: எனக்கு டைப்பிங் தெரியும், ஒரு விரலில் அடித்தாலும் தப்பில்லாமல் அடிப்பேன், இரக்கப்பட்டுக் கொடுப்பதானால் வேண்டாம். அதை நீ திருப்பிச் சொன்னாய்: "வூட்டுல ரொம்பக் கஷ்டங்க சார். எப்படியாச்சும் பாத்துப் போட்டுக் குடுங்க."

அவர் கண் கலங்கிப்போய் அங்கேயே வேலை கொடுத்துவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் உன் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமலேயே கத்தினேன். பஸ்ஸில் இருந்த ஒருவருக்கும் புரியாத சண்டை; உனக்கு மட்டும் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. நீயும் விடவில்லை. "வேல கெடச்சுதா இல்லியா? ரோஷம் சோறு போடுமா? நீ பண்றது தப்புடி" என்று பதிலுக்குக் கத்தினாய். ஊர் வருவதற்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தே போனாய். மூன்று நாள் பேசவில்லை.

நாலாவது நாள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னாய்: "நான் பண்ணதுதான் தப்பு. இனிமே உன் பேச்ச நான் திருப்பிச் சொல்ல மாட்டேன். யாருக்குமே சொல்ல மாட்டேன். புரியலன்னா அவங்களே கேக்கட்டும்."

மன்னிப்பு என்று நினைத்து மகிழ்ந்துபோனேன். தண்டனை என்று பிறகுதான் தெரிந்தது. பாப்பாரப்பட்டி பஸ்ஸில் கண்டக்டர் எங்கே இறங்க வேண்டும் என்று என்னைக் கேட்பார், நான் சொல்வேன், அவருக்குப் புரியாது, நீ ஜன்னல் வழியாக மாந்தோப்பை ரசித்துக்கொண்டிருப்பாய். "கூட வந்தவங்க யாரும் இல்லீங்களா?" என்று அவர் சுற்றிலும் பார்ப்பார். நீ என்னை யாரென்றே தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாய். படுபாவி. உன்னை எத்தனை தடவை மனசுக்குள் வைதிருப்பேன்! ஆனால் ஆறு மாதத்தில் அந்த கண்டக்டருக்கு என் பேச்சு பழகிவிட்டது. டீக்கடைக்காரருக்கும் பழகியது. வேலை கொடுத்தவருக்குக்கூட ஒரு வருஷத்தில் பழகிவிட்டது. எனக்கு இரக்கம் வேண்டாம் என்று அன்றைக்கு நான் சொன்னதை அவரிடம் மறுபடி நானே சொன்னேன். மூன்று தடவை கேட்டுப் புரிந்துகொண்டு, வெகுநேரம் சிரித்தார். அதே வேலையில்தான் இன்னும் இருக்கிறேன்.

கடைசியில் உன் தொண்டையில் நோய் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு குரல் போய் வெறும் காற்றுதான் வந்தது. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலைச் சுற்றி நீ அம்மி என்று கூப்பிடும் உன் அம்மா, அக்கா, மச்சான் எல்லாரும். நீ ஏதோ சொல்கிறாய். அவர்கள் "சரிம்மா, அப்படியே பண்ணிரலாம்" என்று கண்ணீரோடு தலையாட்டுகிறார்கள். நான் வாக்கரைத் தள்ளிக்கொண்டு கிட்டே வந்து குனிந்தேன். புரியல, மறுபடி சொல்லு என்றேன். உன் அக்கா என்னை முறைத்தாள். இன்னும் புரியல, சொல்லு என்றேன். மூன்றாவது தடவை கேட்டுவிட்டது.

"ஃபேன நிறுத்துங்க. குளுருது. ரெண்டு நாளா சொல்றேன்."

ஃபேனை நிறுத்தினார்கள். நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். உன்னிடம் நான் கடைசியாகப் பார்த்த குறும்பு அது. இதை எழுதும்போது அழுதுவிட்டேன், சரி, போகட்டும்.

இந்த இரண்டு வருஷத்தில் ஊர் நிறைய மாறிவிட்டது, அதைச் சொல்லியாக வேண்டும். நொண்டி, பைத்தியம் என்ற வார்த்தையெல்லாம் இப்போது காதில் விழுவதே குறைவு. பஸ்ஸில் இடம் கொடுக்கிறார்கள். பேங்கில் சாய்தளம் போட்டிருக்கிறார்கள், அதன் நடுவில் பைக்கையும் நிறுத்தியிருக்கிறார்கள். காலேஜ் பிள்ளைகள் என்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு, "நீங்க எங்களுக்கு இன்ஸ்பிரேஷன்க்கா" என்கிறார்கள். நான் அப்போது பஸ்ஸுக்குத்தான் நின்றுகொண்டிருந்தேன், வேறு ஒன்றும் செய்யவில்லை. முன்பு உச்சுக்கொட்டினார்கள், இப்போது கைதட்டுகிறார்கள். கைதட்டு நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் பேச்சு ஒன்று பாக்கி இருக்கிறதே, அதை யார் கேட்பது என்று எனக்குள் ஒரு கடுப்பு இருந்துகொண்டே இருந்தது.

அந்தக் கடுப்போடுதான் இன்று மன்றத்துக்குப் போனேன். பேசப் போகும் விஷயத்தை ஒரு மாதமாக மனசுக்குள் உருப்போட்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு கழிப்பறை கட்டியிருக்கிறார்கள். கட்டிய நாளிலிருந்து பூட்டு. உள்ளே துடைப்பமும் ப்ளீச்சிங் பவுடர் மூட்டையும் குடியிருக்கின்றன. தருமபுரி போகிற நாளில் நான் விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன் என்பது உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். சித்திரை வெயிலிலும் குடித்ததில்லை. அந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்று மன்றத்தில் கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் கோரிக்கை. ஆனால் புரியும்படி கேட்டாக வேண்டும்.

பேசினேன். முழுதாக மூன்று நிமிஷம். பேசி முடித்ததும் என்ன நடந்தது தெரியுமா? எல்லாரும் கைதட்டினார்கள்! தலைவர், "ரொம்ப நல்லாப் பேசினீங்கம்மா, நன்றி" என்று சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குப் போகப் போனார். பக்கத்தில் இருந்த மூன்றாவது வார்டு அக்கா, தங்கமானவர், என் கையைப் பிடித்துக்கொண்டு மன்றத்துக்கு எடுத்துச் சொன்னார்: "அவங்க என்ன சொல்றாங்கன்னா, எல்லாரும் ஒத்துமையா இருந்து ஊருக்கு நல்லது செய்யணும்ங்கறாங்க."

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். மைக்கை இழுத்தேன். இழுத்த இழுப்பில் தண்ணீர் பாட்டில் உருண்டு தலைவர் மடியில் போய் விழுந்தது. நான் அப்படிச் சொல்லல, அப்படிச் சொல்லவே இல்ல என்றேன். மன்றம் மறுபடியும் தலையாட்டத் தயாரானது. இவ்வளவு தூரம் வந்து, சட்டமெல்லாம் போட்டு உட்கார வைத்து, கடைசியில் இங்கேயும் நான் பொம்மைதானா?

அப்போது மூலையில் இருந்து ஒரு குரல். நடவடிக்கைக் குறிப்பு எழுதும் பெண், சின்ன வயசு. பேனாவைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "எனக்குப் புரியலைங்க. நான் இதுல எழுதியாவணும். மறுபடி சொல்றீங்களா?"

எழுந்து போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எழுந்தால் விழுந்துவிடுவேன் என்பதால் உட்கார்ந்தபடியே மறுபடி சொன்னேன். அவள் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். "பஸ் ஸ்டாண்டுங்களா? என்ன ரூமு? பூட்டா?" நாலாவது தடவை எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினாள். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

படித்து முடித்ததும்தான் விசேஷமே. ஏழாவது வார்டு உறுப்பினர், எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறாரே, அவர் எழுந்தார். கைதட்டவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "அதெல்லாம் முடியாதுங்க. தொறந்து வெச்சா பாட்டிலும் கையுமா உள்ள போயி உக்காந்துக்குவானுங்க. போன தடவ டேப்பையே கழட்டிக்கினு போயிட்டானுங்க. பூட்டி வெச்சாத்தான் சுத்தமா இருக்கும்."

யாருமே போகாத கழிப்பறை சுத்தமாகத்தான் இருக்கும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. "என்னங்க? இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார், அதட்டலாக. சொன்னேன். மன்றமே சிரித்தது. அவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "பேச்சுக்கு நல்லாருக்கும்மா. நடைமுறைக்கு ஒத்து வராது. நீங்க சொல்றது தப்பு!" என்று மேஜையைத் தட்டினார். பதிலுக்கு நானும் தட்டினேன். என் கை தானாகவே தட்டும், ஆனால் இன்று நான் வேண்டுமென்றே தட்டினேன்.

கால் மணி நேரம். உருட்டுக் கட்டை ஒன்றுதான் எடுக்கவில்லை, மற்றபடி முழுச் சண்டை. கடைசியில் தலைவர், ஈரமான வேட்டியோடு, நாளைக் காலை எல்லாரும் நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கதவை என்ன செய்வது என்று முடிவு செய்யலாம் என்றார். வெளியே வரும்போது ஏழாவது வார்டு என்னிடம் விரலை நீட்டி, "சரியா ஒம்போது மணிக்கு அங்க இருக்கணும். லேட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். படி இறங்கக் கை கொடுக்கக்கூட இல்லை. அவ்வளவு கோபம்!

நீ போனபோது எல்லாரும் எனக்கு ஒரே மாதிரி ஆறுதல் சொன்னார்கள்: பாவம், அவளோடு இவள் வாயும் போய்விட்டது. இல்லை. வாயை நீ எப்போதோ என்னிடமே கொடுத்துவிட்டாய். என் முகத்துக்கு நேரே என்னைத் தப்பு என்று சொல்ல ஒரு ஆள் இல்லாமல் போனதுதான் இந்த இரண்டு வருஷமும் எனக்குத் தாங்கவில்லை. எல்லாரும் நல்லவர்களாகவே இருந்துவிட்டார்கள்.

டேப் திருட்டுக்கு ஒரு பதில், பாட்டில் ஆட்களுக்கு ஒரு பதில், சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டு பதில், எல்லாம் வைத்திருக்கிறேன். நாளைக்கு அவர் கோபத்தோடு வருவார். நானும் கோபத்தோடுதான் போகிறேன்.