கூறையில் குத்தப் போகும் புரூச்

என் அருமை அக்கா,

ஒன்றரை வயது வித்தியாசத்துக்கு 'நீங்கள்' எதற்கு என்று சின்ன வயதிலேயே நாம் முடிவு செய்துவிட்டோம். நீ போன பிறகு நான் மரியாதையைத் தொடங்கினால் நீயே விழுந்து விழுந்து சிரிப்பாய். அதனால் இந்தக் கடிதத்திலும் நீதான்.

முதலில் நல்ல செய்தி. உன் மகள் ஆரணிக்குக் கலியாணம். உன் முதல் வருட ஆட்டத்திவசம் முடியட்டும் என்று காத்திருந்து நாள் வைத்தோம். மாப்பிள்ளைக்கு டார்ம்ஸ்டாட்டில் வேலை. நல்ல பிள்ளை, சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைக்கிறான். தாய்க்காரிதான் கொஞ்சம் கடுமை. காரை இடம் மாற்றி நிறுத்துவதற்கும் இராகுகாலம் பார்க்கிற ஆள்.

மண்டபம், சமையல், ஐயர் என்று நான்தான் இந்தக் கார்ல்ஸ்ரூஹே நகரம் முழுக்க ஓடித் திரிகிறேன். கூறைச் சேலை எடுக்கப் போன கடையில் இரண்டு சிவப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "எது நல்லாயிருக்கு?" என்று பக்கத்தில் திரும்பிக் கேட்டேன். கடைக்காரப் பெடியன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். எந்தச் சிவப்பை நீ சொல்லியிருப்பாய், அக்கா?

ஆரணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "சித்தி, கூறைக்கு அம்மான்ர புரூச்தான் குத்துவன். வேற ஒண்டும் வேண்டாம்."

எந்தப் புரூச் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? கறுப்பு விளிம்பு, முட்டை வடிவக் கண்ணாடி, அதற்குள் பொன்னிற நூலில் பின்னிய சின்னப் பூ. முதியோர் இல்லத்தில் நீ பராமரித்த ஜெர்மன்காரி ஒருவர் சாகும் முன் உனக்குத் தந்தது. 'என்ர கிழவி' என்பாய் அவரை. பழைய துணிப் பொம்மை ஒன்றைக் கட்டிப்பிடிக்காமல் நித்திரை கொள்ளாத மனுசி என்று சொல்லிச் சிரிப்பாய்.

அன்று தொடங்கி எந்தக் கலியாணம், எந்தச் சாமத்திய வீடு என்றாலும் உன் இடது தோளில் அதுதான். "எங்க வாங்கினது?" என்று பெண்டுகள் கேட்டால், "அது வாங்கேலாது" என்று தலையை நிமிர்த்துவாய். என்ன கெப்பர்! எனக்கு ஒரு நாள் இரவல்கூடத் தரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

ஊசி ஆட்டம் கண்டிருந்தது. நகை திருத்தும் பெண் ஒருத்தியிடம் நேரம் குறித்து டெர்மின் எடுத்துக்கொண்டு போனேன். அவள் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள், இது நூல் இல்லை, மனிதத் தலைமயிர் என்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வீட்டில் ஒருவர் இறந்தால் அவருடைய மயிரில் ஒரு கற்றையை வெட்டி, பூவாகப் பின்னி, நகைக்குள் வைத்து அணிவார்களாம். கறுப்பு விளிம்பு துக்கத்தின் அடையாளமாம். இது இவ்வளவு மெல்லிசாக இருப்பதைப் பார்த்தால் சின்னப் பிள்ளையின் மயிராக இருக்கும் என்றாள்.

"சிவசிவா!" என்று கடைக்குள் நின்று கத்திவிட்டேன், அக்கா. அந்த மனுசி பயந்து போனாள். பின்னே? செத்தவீட்டுக்குப் போய் வந்தால் தலை முழுகாமல் வீட்டுக்குள் அடியெடுத்து வைக்காத சனம் நாங்கள். சோற்றில் ஒரு மயிர் கிடந்தால் அன்று முழுக்கச் சாப்பிடாத ஆள் நீ. செத்த பிள்ளையின் மயிரைத் தோளில் குத்திக்கொண்டா ஊரிலுள்ள மணவறைக்கெல்லாம் பக்கத்தில் நின்று படமெடுத்தாய்?

அவள் ஊசியைத் திருத்தும்போது அதன் கீலில் சிக்கியிருந்த நீளமான கறுப்பு மயிர் ஒன்றைச் சாமணத்தால் இழுத்து, வெள்ளைக் கடதாசியில் வைத்தாள். எறியலாமா என்று கேட்டாள். அந்தப் பதற்றத்திலும் கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

ட்ராமில் வரும் வழியெல்லாம் தலை வெடிக்கிற யோசனை. இந்தப் பொருளைக் குத்திக் குத்தித்தானோ உனக்கு அந்தப் புற்றுநோய் வருத்தம் வந்தது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நினைத்த உடனே அழுகை வந்துவிட்டது. நான் என்ன செய்வேன், சொல்லு? உண்மையைச் சொன்னால், தாய் இல்லாமல் மணவறை ஏறப்போகும் பிள்ளைக்கு இருக்கிற ஒரே ஆசையையும் பறித்தது போலாகும். சொல்லாவிட்டால், தாலி கட்டுகிற நேரத்தில் செத்தவீட்டுத் தீட்டை, அந்தத் துடக்கைத் தோளில் வைத்துக்கொண்டு இருப்பாள். மாப்பிள்ளையின் தாய் காதில் விழுந்தால் கதை அதோடு சரி. நகைக்காரி தொலைத்துவிட்டாள் என்று சொல்லிப் பவுனில் வேறொன்று வாங்கிக் கொடுப்போம் என்று பொய்யைக்கூடத் தயார் பண்ணிவிட்டேன்.

கதவைத் திறந்தவள் அப்படியே உன் முகத்தோடு நின்றாள். "திருத்தியாச்சா சித்தி?" என்றாள். அந்த முகத்துக்கு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"ஆரணி, இருந்து கேள். இது நூல் இல்லையடி. செத்துப்போன ஒரு பிள்ளையின்ர தலைமயிர்."

"ஓம் சித்தி. எனக்குத் தெரியும்."

"என்னடி தெரியும்?"

"அம்மாவும் தெரிஞ்சுதான் குத்தினவ. சித்திக்குச் சொல்லிப்போடாதை, கத்துவா எண்டு சொன்னவ."

பார்த்தாயா உன் வேலையை! என்னை வைத்துக்கொண்டே தாயும் மகளும் எத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள்?

பிறகு அவள் முழுவதையும் சொன்னாள். உன் கிழவியின் குடும்பத்தில் அந்தக் காலத்தில் இரண்டு சகோதரிகள். மூத்தவளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. சின்னவளுக்கு அக்காவின் கலியாணத்தைப் பார்க்க ஒரே ஆவல். கலியாண உடுப்புத் தைத்து மிஞ்சிய வெட்டுத் துண்டுகளை எடுத்து, தன் கையால் செய்த துணிப் பொம்மைக்கும் அதே மாதிரி உடுப்புத் தைத்து வைத்திருந்தாள். கலியாணத்துக்கு முன் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. மூத்தவள் தங்கையின் மயிரைப் பூவாகப் பின்னச் சொல்லி, அதைத் தன் கலியாணத்தன்று நெஞ்சில் குத்திக்கொண்டாளாம். அதிலிருந்து அந்த வீட்டில் எந்தக் கலியாணம் நடந்தாலும் யாராவது ஒருத்தி அதை அணிந்து போவாளாம்.

உன் கிழவிக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தச் சின்னவளின் பொம்மையைத் தன்னோடு சவப்பெட்டிக்குள் வைக்கச் சொன்னவர், புரூச்சை உன் கையில் வைத்து, "உங்கள் வீடுகளில் கலியாணம் நடக்கும்தானே, இவளையும் கூட்டிக்கொண்டு போ" என்றாராம்.

"அதுதான் அம்மா ஒரு கலியாணமும் விடாமல் கூட்டிக்கொண்டு போனவ," என்றாள் ஆரணி. "என்ர தங்கச்சியும் என்ர கலியாணத்தைப் பாக்கேல்ல, அவள் அங்க இருந்து என்ன பாடு பட்டிருப்பாள் எண்டு சொல்லிச் சொல்லி அழுவா."

அந்தத் தங்கச்சி நான்தானே, அக்கா. நீ இந்த நாட்டில் மாலை மாற்றியபோது நான் யாழ்ப்பாணத்தில். சண்டையால் பாதை பூட்டு. உன் கலியாண வீடியோ கசெற் யார் யாரோ கைமாறி வந்து சேர்ந்தபோது எங்களுக்குக் கரண்ட் இல்லை. கரண்ட் வந்தபோது கசெற் பூஞ்சணம் பிடித்துவிட்டது. இன்றுவரை நான் உன் கலியாணத்தைப் பார்க்கவில்லை. நான் அதைச் சொன்னதில்லை, நீயும் கேட்டதில்லை. நீ மறந்துவிட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன். ஏன் அக்கா என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை? கத்தியிருப்பேன்தான். கத்திவிட்டு உன்னைக் கட்டிப்பிடித்திருக்க மாட்டேனா?

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாப்பிள்ளைக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"அவருக்குச் சொல்லிட்டன்."

"மாமிக்கு?"

"மாமிக்கு அது நூல்தான் சித்தி."

உன் மகளேதான், சந்தேகமே இல்லை!

அப்போதுதான் கைப்பையில் இருந்த கடதாசி நினைவுக்கு வந்தது. மருந்து ஏற ஏற உன் தலையில் ஒன்றும் மிஞ்சவில்லை. உன் சீப்பையும் தலையணையையும் துடக்கு என்று நாங்களே கட்டி எறிந்துவிட்டோம். இந்த ஒரு மயிர்தான் எப்படியோ தப்பியிருக்கிறது. கடதாசியை விரித்துக் காட்டினேன். ஆரணி அதைத் தொடப் பயந்து பயந்து தொட்டு, விரலில் சுற்றிக்கொண்டு, அவ்வளவு நாளும் அழாத அழுகையை அழுதாள். நானும்தான்.

மறுபடியும் அந்த நகைக்காரியிடம் போனோம், இருவருமாக. அவள் கண்ணாடியைக் கழற்றி, அந்தப் பொன்னிறப் பூவைச் சுற்றி உன் மயிரை ஒரு வட்டமாக வைத்து மூடினாள். பூதக்கண்ணாடி இல்லாமல் யார் கண்ணுக்கும் தெரியாதே என்று கவலைப்பட்டாள். "எங்களுக்குத் தெரிஞ்சால் காணும்," என்றாள் ஆரணி, தமிழில். போதும் என்று நான்தான் ஜெர்மனில் சொல்ல வேண்டியிருந்தது.

அக்கா, ஐயர் கூறையைக் கொடுத்து அவள் உள்ளே போய் உடுத்தும்போது, அதை என் கையால் அவள் இடது தோளில் குத்திவிடுவேன். மேளம் கொட்டும்போது நன்றாகப் பார்த்துக்கொள். இனி நம் வீட்டுக் கலியாணம் எதையும் நீ பார்க்காமல் விட மாட்டேன். நான் இருக்கும்வரை உங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போவேன். சனம் நிறைய வரும். அந்தச் சின்னப் பிள்ளையின் கையை மட்டும் விட்டுவிடாதே.

உன் கலியாணத்தைப் பார்க்காத
உன் தங்கச்சி,
வதனி