பெட்ரோலுக்கும் போகாத கறுப்பு

அன்பு மகள் நந்துதுவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், ரொட்டி அடுப்பும் நலம், ஜுபாவில் நீயும் உன் முடிதிருத்தும் கடையும் நலமாக இருக்க வேண்டும். அப்பா நலம் என்று எழுதக் கை வரவில்லை. புதன்கிழமை முதல் அவர் ம்பாலே போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறார், பதறாதே, அடிக்கவில்லை, நாளைக் காலை கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்களாம். அப்பா சவாரி ஏற்றி ஓட்டட்டும் என்று நீ வாங்கிக் கொடுத்த மோட்டார் சைக்கிள்தான் காரணம். போன வாரம் அப்பா மெக்கானிக் வமிம்பியை வைத்து என்ஜினை முழுக்கப் பிரித்துப் போட்டார், உறையெல்லாம் வெளுத்து அரித்துப் போயிருந்தது, மழைக்காலச் சேற்றில் ஓடும் வண்டி வேறு எப்படி இருக்கும்? பூசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நானேதான் வலியப் போனேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, தின்னரால் துடைத்து, வெப்பம் தாங்கும் கறுப்புப் பெயின்ட்டை மெல்லிசாக மூன்று தடவை அடித்தேன், ஒவ்வொரு தடவையும் ரொட்டி எடுத்த பிறகு ஆறிவரும் அடுப்பில் வைத்து எடுத்தேன். இரண்டு நாள் ரொட்டியில் பெயின்ட் நாற்றம் என்று ஊரே திட்டியது, அது கிடக்கட்டும். பெட்ரோல் ஊற்றினாலும் போகாத பூச்சு என்று ஸ்டாண்டில் இருந்த ஓட்டுநர்கள் எல்லாம் தடவித் தடவிப் பார்த்தார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமைதான் வினையாகிவிட்டது. என்ஜினின் அடிப்பக்கம் ஓரிடத்தில் பிசுக்கு அடைத்துக்கொண்டு மேடும் பள்ளமுமாக இருந்தது, கல் பட்ட சிராய்ப்பு என்று நினைத்து அரத்தால் ராவி மழமழவென்று ஆக்கினேன். அது என்ஜின் நம்பர் மகளே! திருட்டு வண்டி தேடி ரோட்டில் நின்ற போலீஸ் குனிந்து பார்த்தால் நம்பரே இல்லை. அந்தப் போலீஸ் அதிகாரி அஃபாண்டே பெட்ரோலில் துணி நனைத்துத் தேய்தேய் என்று தேய்த்தாராம், ஒரு பொட்டுக்கூட வரவில்லையாம். வீட்டில் பூசியது என்று அப்பா சொன்னதற்கு, “இது வீட்ல பூசுனதா? யாரு காதுல பூச்சுத்துற? எந்தத் திருடன்கிட்ட வாங்குன, சொல்லு” என்று உறுமினாராம். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், “நான்தான்யா ராவுனேன், என் பொண்டாட்டிக்கு ரொட்டி சுடறத தவிர ஒண்ணும் தெரியாது” என்று சொல்லிவிட்டார். நேற்று சாப்பாடு கொண்டுபோனபோது எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. “நீ வாயத் தொறக்காத, நீயும் உள்ள வந்துட்டா அடுப்ப யாரு மூட்டுறது?” என்று என்னையே அதட்டுகிறார். ஸ்க்ரூ டிரைவரைக்கூடத் தேடியெடுக்கத் தெரியாமல் என்னைக் கூப்பிடுகிற மனுஷன், இதில் மட்டும் வீரம்!

மெக்கானிக் வமிம்பி சொல்கிறார், மேலே ராவினாலும் அடியில் நம்பரை அழுத்தின தடம் இருக்குமாம், பெயின்ட்டை உரித்தால் வண்டிப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கலாமாம். ஆனால் யார் உரிப்பது? இந்தப் பூச்சை எந்த இடத்தில் எப்படி உரித்தால் உலோகம் கீறாது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் சுரண்டும் தகடும் தின்னரும் எடுத்துக்கொண்டு இதோ ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறேன். என் வேலை நிலைக்க வேண்டும் என்றுதான் இத்தனை நாள் வேண்டிக்கொண்டேன், இன்றைக்கு அது பெயர்ந்து வரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பயமாக இருக்கிறது நந்துது. நான் சொன்னால் நம்புவார்களா என்று கேட்பாய். இதை எழுதும்போது என் கையைப் பார்க்கிறேன், பத்து நகக்கண்ணிலும் அந்தக் கறுப்பு இன்னும் இருக்கிறது, எத்தனை சோப்புக்கும் அசையவில்லை. உன் அப்பாவின் நகங்கள் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. அஃபாண்டே அதைப் பார்க்கவே இல்லை, நான் காட்டப் போகிறேன்.

ஜுபாவுக்குப் போகிற லாரிக்கார கிபோமா வாசலில் ஹாரன் அடிக்கிறார். அவரிடம் காய்ந்த மூங்கில் குருத்து கொடுத்திருக்கிறேன், கடலை அரைத்து ஊற்றிக் காய்ச்சு, அவசரப்பட்டுக் கொதிக்கவிடாதே. கடையைப் போட்டுவிட்டு ஓடி வராதே. கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். யாராவது உன் அப்பாவைத் திருடன் என்று சொன்னால், ராவியது என் அம்மா என்று நிமிர்ந்து சொல்.

இப்படிக்கு,
கறுத்த நகத்தோடு உன் அம்மா முத்தோனி