ஒன்றரை மில்லி

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. ஆறு மாதமாகப் போனை எடுக்காதவனிடம் அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? உன் மனைவி எடுத்தாள். குழந்தைக்குக் கீழ்ப்பல் இரண்டு முளைத்திருப்பதை அவள்தான் சொன்னாள். அத்தை என்று ஒருத்தி இருப்பது அவளுக்காவது ஞாபகம் இருக்கிறதே, சந்தோஷம்.

உன் அத்தானுக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறச் சொன்னால் வலிக்கிறது, பேப்பர் வாங்கக் கடைக்குப் போகும்போது வலிப்பதில்லை. பட்டறைக் கூரை ஒழுகியது, தகடு மாற்றினேன். லேத் ஓட்டும் நம் டர்னர் நாளையோடு வேலையை விடுகிறேன் என்று வழக்கம்போலச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பதினெட்டு வருஷமாக அந்த ‘நாளை’ வந்தபாடில்லை.

உன் மனைவி இன்னொன்றும் சொன்னாள். புதுக் கம்பெனியில் உன்னை நிரந்தரமாக்குவதைத் தள்ளி வைத்திருக்கிறார்களாம். நம் பட்டறையில் செய்த எண்ணெய் பம்பை வாங்கியவர்களிடம் உன்னைப் பற்றி விசாரித்தார்களாம். அங்கே இருக்கும் மேனேஜர், நீ வரைந்த பம்ப் நாற்பதாவது நிமிஷத்தில் இறுகி நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டாராம். நீ இதை என்னிடம் சொல்லவில்லை. பிடிவாதம் என்றால் அக்கா என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாயே, இப்போது யாருக்குப் பிடிவாதம்?

போனை வைத்துவிட்டு, பெஞ்சுக்கு அடியில் கிடந்த பெட்டியை இழுத்தேன். அவர்கள் பம்பைத் திருப்பி அனுப்பிய நாளிலிருந்து ஆணிகூடப் பிடுங்காமல் வைத்திருந்தேன். திறந்து பார்த்தேன். பல்சக்கரத்தை ஒட்டி நிற்கும் வெண்கலத் தட்டு கருகி, இழுபட்டு, சக்கரத்தின் முகத்தில் அப்பிக் கிடந்தது. எந்த இடத்தில் அதிகமாகக் கருகியிருந்தது என்று உனக்குத் தெரியும். அன்றைக்கே தெரிந்திருக்கும்.

நீ எனக்குச் சொன்னதை, நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். தட்டின் முதுகில் ஒரு பள்ளம், அதில் ரப்பர். அந்த ரப்பர் வளைத்துப் பிடிக்கும் இடத்தில் நிற்கிற எண்ணெய்தான் தட்டைச் சக்கரத்தின் மேல் அழுத்துகிறது. இடம் சிறியதானால் அழுத்தம் போதாது, பம்ப் தள்ளிய எண்ணெய் உள்ளுக்குள்ளேயே திரும்பி ஓடிவிடும். இடம் பெரியதானால் தட்டு சக்கரத்தோடு உரசும். நடுவில் எண்ணெய் ஒரு பூச்சாகவாவது நிற்க வேண்டும். இவ்வளவுதானே? இதற்கு நீ இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டாய்.

நீ வரைந்த பள்ளத்தோடு பம்பை ஓட்டினேன். என் வாளி நிறைய முப்பத்தொரு விநாடி ஆனது. எனக்கு மனம் ஒப்பவில்லை. கெட்டுப்போன பம்புகளைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவள் நான். என் பட்டறையிலிருந்து உள்ளே ஒழுகும் பம்ப் போகக் கூடாது. பள்ளத்தை ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே தள்ளி வெட்டினேன். இருபத்தொன்பது விநாடியில் வாளி நிறைந்தது. உன்னிடம் சொல்லவில்லை. வந்த முதல் நாளே அந்த வாளியைப் பார்த்து, "என்னக்கா, குளிக்கப் போறியா?" என்று சிரித்தவனிடம் என்ன சொல்வது?

நம் மோட்டார் நிமிஷத்துக்கு ஆயிரத்தைந்நூறு சுற்று. அவர்கள் ஓட்டியது ஆறாயிரம். வேகமான மோட்டார் ஒன்றை வாங்கி வந்து ஓட்டிப் பார்க்கலாம் என்று நீ கேட்டாய். வாளி போதும் என்றேன்.

பம்ப் இறுகி நின்ற அன்று அந்த மேனேஜர் எல்லோர் முன்னாலும் உன் கணக்கு தப்பு என்றபோது, வரைபடத்தில் தப்பில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். நான் எண்ணெய் டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அந்த வேகமான மோட்டாரைக் கொண்டுவந்தேன். இரண்டு தட்டு வெட்டினோம், உன் பள்ளத்தோடு ஒன்று, என் பள்ளத்தோடு ஒன்று. என்னுடையது ஒன்பதாவது நிமிஷத்தில் கை வைக்க முடியாத சூடு. டர்னர் விரலை உதறிக்கொண்டே, "வாளி சீக்கிரமா நிறையுதுக்கா, கைதான் வெந்துபோச்சு" என்றார். அவரையும் நீதான் கெடுத்து வைத்திருக்கிறாய். உன்னுடையது மூன்று மணி நேரம் ஓடியது. சூடு ஓரளவு ஏறியது, அதற்குமேல் ஏறவில்லை.

இதை மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துக்கொள்ளாதே. ஆயிரத்தைந்நூறு சுற்றில் என் பள்ளம்தான் சரி, இன்றைக்கும் சொல்வேன். அதோடு விடவும் இல்லை. உன் பள்ளத்தை அரை மில்லி மட்டும் தள்ளி மூன்றாவதாக ஒன்று வெட்டினேன். பழைய மோட்டாரில் வாளி முப்பது விநாடியில் நிறைகிறது. ஆறாயிரத்திலும் மூன்று மணி நேரம் தாங்குகிறது. ஏன் தாங்குகிறது, எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தக் கணக்கு எனக்கு வராது. உனக்கு வரும்.

மேனேஜருக்கு எழுதிவிட்டேன். உன் கம்பெனிக்கும் அதே கடிதம். "வரைந்தபடி வெட்டியிருந்தால் பம்ப் ஓடியிருக்கும். வரைந்தவருக்குத் தெரியாமல் நான் மாற்றி வெட்டினேன்." அவ்வளவுதான் எழுதினேன், கூட எழுத வரவில்லை. மேனேஜர் மறுநாளே போன் செய்தார். இந்த மாதம் இருபதாம் தேதி இன்னொரு முறை ஓட்டிப் பார்க்க ஒத்துக்கொண்டிருக்கிறார்.

இதோடு உன் பழைய வரைபடத்தை வைத்திருக்கிறேன். மாற்றியவர் என்று ஒரு கட்டம் காலியாகவே இருந்ததே, அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தேதி ஆறு மாதத்துக்கும் முந்தையது. வயதாகித் தேதி மறந்துவிட்டது என்று நினைக்காதே, அது நான் பள்ளத்தை வெட்டிய தேதி. மூன்றாவது தட்டின் வரைபடமும் இருக்கிறது. அதில் சரிபார்த்தவர் என்ற கட்டம் காலி. அது நிரம்பாமல் தட்டைப் பம்பில் பூட்ட மாட்டேன். இருபதாம் தேதி வந்தாலும் மாட்டேன், என்னைப் பற்றி உனக்குத் தெரியும்.

குழந்தைக்கு மேல்பல்லும் காய்ச்சல் இல்லாமல் முளைக்கட்டும். உன் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. மாடி அறையைப் பெருக்கிவிட்டேன்.

வாளியையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். சிரிப்பதானால் வந்து சிரி.

உன் அக்கா